500 பவுனப் போட்டுக்கிட்டு மொட்டமாடிக்கு ஓடுறா

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல பஸ் நிக்கிற நேரம்னு ஒண்ணு இருக்கு, எங்க பக்கத்து ஆளுங்களுக்கு அது என்னன்னு சொல்லவே வேணாம். மன்னார்குடியிலேந்து கும்பகோணம் போற பஸ்சுல ஏறினா மனசுக்குள்ளயே ஒரு கால் மணி நேரத்த அந்த கேட்டுக்குன்னு ஒதுக்கி வச்சிருவோம், சில பேர் எறங்கி டீ குடிச்சிட்டு வந்து அதே சீட்டுல உக்காருவாங்க. அப்படி நின்ன ஒரு காலைல, ஜன்னலோரத்துல கடலை மிட்டாய் விக்கிறவரு மூணாவது தடவையா என்னத் தாண்டிப் போறப்ப, போனுல படிச்சிட்டிருந்த நாவல மூடி பைக்குள்ள போட்டுட்டேன். கோவம்னு சொல்ல முடியாது. சொந்தக்காரங்க வீட்டு விருந்துக்கு ஆசையா போயி உக்காந்தா, எலை பெருசா இருக்கு, பரிமாற ஆளில்லங்கற மாதிரி ஒரு மனசு.

நாவல் பேரு வேணாம். எழுதினவங்க பேரும் வேணாம், பாவம், அவங்க ஒரு அம்மா, ராத்திரி புள்ளைங்கள தூங்க வச்சிட்டு எழுதறேன்னு முன்னுரையில சொல்லியிருக்காங்க, அதப் படிச்சப்புறம் பேரச் சொல்லித் திட்ட எனக்கு மனசு வரல. ரெண்டு பாகம், 118 அத்தியாயம், மொதல்ல போன் ஆப்புல தொடரா வந்து அப்புறம் புத்தகமா ஆனது. அண்ணன் மக தஞ்சாவூர்ல ஹாஸ்டல்ல தங்கி படிக்கறா, அவதான் "த்தை, இத மட்டும் படிங்க, ரெண்டு நாளு தூங்க மாட்டீங்க"ன்னு அனுப்பி வச்சா. தூங்கலங்கறது நெசம், பைக்குள்ள போட்டத மறுபடி எடுத்துப் படிச்சு முடிச்சதும் நெசம். அத நான் ஒத்துக்கணும்.

ஒண்ணு மொதல்லயே சொல்லிடறேன், காதல் கதைன்னா எளக்காரமா பாக்குற ஆளு நானில்ல. எட்டாம் கிளாசுலேந்து படிக்கறேன். எங்க தெருவுல ஒரு வாடகை நூலகம் இருந்துச்சு, நூலகம்னு பெருசா சொல்றேன், ஒரு தையக்கடை அக்கா மெஷினுக்குப் பின்னாடி ரெண்டு பலகை அடிச்சு மாத நாவலா அடுக்கி வச்சிருப்பாங்க, ஒரு நாளைக்கு 25 பைசா. அட்டை கிழிஞ்சு, மொத பக்கம் போயி, நடுவுல எவளோ ஒருத்தி "சூப்பர்"னு பேனாவுல எழுதி வச்சிருப்பா. கடைசி பக்கம் இல்லாத நாவல்னா அன்னிக்கு ராத்திரி நானே ஒரு முடிவு கட்டிக்கிட்டு படுப்பேன். அதுல வர்ற ஹீரோ எல்லாருமே பணக்காரந்தான், ஊட்டியில எஸ்டேட், கோயமுத்தூர்ல மில்லு, சென்னையில பங்களா, முழங்கை வரைக்கும் மடிச்ச சட்டை. எனக்கு அதுல ஒரு கொறையும் இல்ல, இன்னிக்கும் இல்ல. காலைலேந்து சாயங்காலம் வரைக்கும் உழுற மாடு மாதிரி வேலை பாத்துட்டு வர்ற பொம்பள பஸ்சுல அரை மணி நேரம் ஊட்டி எஸ்டேட்டுல இருந்துட்டுப் போறா, யாருக்கு என்ன நட்டம்.

அதனால பணக்காரங்கள எழுதினதுக்காக எனக்கு இந்த நாவல் பிடிக்காமப் போகல. பணம்னா என்னன்னு அதுக்குத் தெரியலங்கறதுதான் வருத்தம்.

கதை இதான். தஞ்சாவூர் ஜமீன் வாரிசு ஒருத்தன், வயசு 28, சொத்து பத்தாயிரம் கோடி. சென்னையில இன்னொரு குடும்பம், அதுவும் பல ஆயிரம் கோடி, அந்த வீட்டு ஒத்தப் பொண்ணு. ரெண்டு தாத்தாக்களுக்கும் பழைய பகை, பகைக்கு என்ன காரணம்னு 70வது அத்தியாயத்துல சொல்றதா சொல்லிட்டு 90லயும் சொல்லல, 104ல ஒரு வரியில "அன்று நடந்த அந்தத் துரோகம்"னு முடிச்சிட்டாங்க. நடுவுல ஒரு ஒப்பந்தக் கல்யாணம், ஒரு விபத்து, ரெண்டு மாசம் ஞாபக மறதி, வெளிநாட்டுலேந்து வர்ற ஒரு மொறப்பொண்ணு. இதெல்லாம் நான் ஆயிரம் தடவ பாத்தது, இதுக்கெல்லாம் கோவிச்சுக்கறவ இந்தப் பக்கமே வரக்கூடாது.

ஆனா தஞ்சாவூர் ஜமீன்? எங்க ஊருப்பக்கம் இருந்தது மிராசுதாருங்க, சொந்த நெலத்துக்காரங்க. ஜமீன்னா மதுரைக்குத் தெக்க, சிவகங்கை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கம் போகணும், தஞ்சாவூர் ஜில்லாவுல பட்டுக்கோட்டைப் பக்கம் சில பாளையங்கள் இருந்துச்சு அவ்வளவுதான், மிச்சதெல்லாம் ரயத்துவாரி, நேரா சர்க்காருக்குத் தீர்வை கட்டுன நெலம். சரி, அது கெடக்கட்டும், ஜமீன் ஒழிப்பு சட்டம் வந்ததே 1948ல, இவன் என்னடான்னா போனுல ஜிபிஎஸ் பாத்துட்டு இன்னும் ஜமீன் வரி வசூல் பண்றான். அவன் வீட்ட வர்ணிக்கற எடத்துல ஆத்தங்குடி டைல்சு, பர்மா தேக்குத் தூணு, ஒரு தெருவுலேந்து அடுத்த தெரு வரைக்கும் நீள்ற வீடு. அது காரைக்குடி வீடு. நகரத்தார் வீட்ட அப்படியே தூக்கிட்டு வந்து பெரிய கோயிலுக்குப் பக்கத்துல வச்சிட்டாங்க. எங்க பக்கத்து மிராசு வீடுன்னா அகலமான திண்ணை, ரேழி, கூடம், முத்தம், கொல்லையில மாட்டுக்கொட்டாயி, எல்லாத்துக்கும் மேல பத்தாயம். பத்தாயம் இல்லாத பெரிய வீட்ட நான் பாத்ததில்ல. இந்த நாவல்ல நீச்சல்கொளம் இருக்கு, ஹோம் தியேட்டர் இருக்கு, நெல்லுக் கொட்டி வைக்க எடமில்ல.

அப்புறம் அந்தப் படகு சீன். சித்திரை மாசப் பௌர்ணமி, தஞ்சாவூர் அரண்மனைக்குப் பின்னாடி கரை பொரண்டு ஓடுற காவிரி, அதுல ரெண்டு பேரும் படகுல போறாங்க. ஏங்க, தஞ்சாவூருக்குள்ள காவிரி எங்கங்க ஓடுது? காவிரியப் பாக்கணும்னா பன்னெண்டு பதிமூணு கிலோமீட்டர் வடக்க திருவையாத்துக்குப் போகணும். ஊருக்குள்ள ஓடுறது புது ஆறு, அதாவது கல்லணைக் கால்வாய், மேட்டூர் அணையோட சேத்து 1934ல வந்தது, அப்புறம் ஊரு ஓரமா வடவாறு. அதுவும் சித்திரையிலயா! மேட்டூர வழக்கமா ஜூன் 12ல தொறப்பாங்க, ஜனவரி 28ல மூடுவாங்க, சித்திரைன்னா நடு வேனல், ஆத்துல மணலும் நாணலும் கிரிக்கெட் ஸ்டம்பும்தான் இருக்கும். வயல்ல உளுந்து பயறு எடுத்து முடிச்சு, கால் நுழையற அளவுக்கு வெடிச்சுக் கெடக்கும். அந்த வெடிப்புல என் செருப்பு மாட்டி அறுந்திருக்கு, அதனால தெரியும். ஆனா ஒண்ணு, தண்ணியில்லாத ஆத்துல ஒரு காதல் சீன் எழுதியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும். நெலா வெளிச்சத்துல வெறும் மணல், ஆளரவமே இல்ல, பேசுறது கரைக்குக் கேக்கும்னு பயந்துகிட்டு மெதுவா பேசணும். எங்க ஊருல பாதி லவ்வு அப்படித்தான் நடந்துச்சு.

மார்கழியில ஹீரோ ஹெலிகாப்டர வயல்ல எறக்குறான். சம்பா கதிரு வாங்கி நிக்கிற நேரம். எறங்குனா சேத்துல பொதைஞ்சிரும், பொதையலன்னா அந்த வயலுக்காரன் அருவாளோட வருவான். இத ஆபீசுல சொன்னப்ப கூட வேலை பாக்குற அண்ணன் ஒருத்தரு, அவரும் வெவசாயம் பண்றவருதான், அவரு கேட்ட ஒரே கேள்வி "இன்சூரன்ஸ் கெடைக்குமாம்மா?"

நான் பேங்க்ல இருக்கேன். எந்த பேங்க், எந்த ஊருன்னு வேணாம், டெல்டாவுல ஒரு சின்ன ஊரு, இருவது வருசத்துல பாதி நகைக்கடன் கவுண்டருலயே போச்சு. அதனாலதான் இந்தத் தலைப்பு. ஹீரோயின் கல்யாணத்தன்னிக்கு 500 பவுன் நகை போட்டுக்கறா. அதுக்கப்புறம் மழை வருது. மழையில நனையணும்னு மூணு மாடி ஏறி மொட்டமாடிக்கு ஓடுறா, கை விரிச்சுச் சுத்துறா. ஒரு பவுன் 8 கிராம். 500 பவுன்னா 4 கிலோ. நாலு கிலோ அரிசிப் பைய கழுத்துலயும் இடுப்புலயும் கட்டிக்கிட்டு மூணு மாடி ஏறிப் பாருங்க. எங்க கவுண்டருக்கு வர்ற பழைய காசுமாலை, அட்டிகை, ஒட்டியாணமெல்லாம் கையில வாங்குறப்பவே தெரியும், அது சதையில பதியற கனம், ராத்திரி கழட்டுனா கழுத்துல தடம் இருக்கும். அட்டிகைன்னா கல்லு, உள்ள அரக்கு எல்லாம் கழிச்சுத்தான் நிகர எடை போடணும், அதச் சொல்றப்ப பெரிய வீட்டுப் பொம்பளைங்க மொகம் ஒரு மாதிரி போவும், பாட்டி காலத்துலேந்து 40 பவுன்னு சொல்லி வச்சிருந்தது 29தான்னு எங்க தராசு சொல்லிரும். சில வீட்டுல அந்த 40ங்கற நம்பர வச்சு ரெண்டு கல்யாணம் நடந்திருக்கும்.

பெரிய குடும்பத்து ஆளுங்க பேங்குக்கு எப்ப வருவாங்க தெரியுமா? மத்தியானம் ரெண்டு மணிக்கு, கூட்டம் கொறைஞ்சப்புறம். கார தெருமுனையில நிறுத்திட்டு வருவாங்க. நகை மஞ்சப்பையில இருக்கும், அதுக்கு மேல ஒரு கட்டு கருவேப்பில. குறுவைக்கு ஒரம் வாங்கணும்னு சொல்வாங்க, ஒரத்துக்குத்தானான்னு நாங்க கேக்க மாட்டோம். அந்தக் கருவேப்பிலைய வச்சு ஒரு அத்தியாயம் எழுதலாம்.

இந்த நாவல்ல கடன் கெடையாது. யாரும் யாருக்கும் ஒரு ரூபா தரவேண்டியதில்ல. ஹீரோ ஒரே ஒரு போன் பண்றான், "அந்தக் கம்பெனிய முடிச்சுரு", மறுநாள் காலைல மாமனாரு 400 கோடி நட்டத்துல நடுத்தெருவுல நிக்கிறாரு, சாயங்காலம் இன்னொரு போன், எல்லாம் சரியாயிருது. ஒரு நாப்பதாயிரம் ரூபா பயிர்க்கடனுக்கே சிட்டா, அடங்கல், பாஸ்புக்கு, போட்டோன்னு வாங்கி வச்சு, வி.ஏ.ஓ. கையெழுத்துக்கு ரெண்டு நாளு நடக்க விடுறோம். பெரிய பணக்காரனுக்கு இன்னும் மோசம், அவன் கையில காசா ஒண்ணும் இருக்காது, எல்லாம் கையெழுத்தா இருக்கும், இந்த பில்டிங்கு அந்த லோனுக்கு அடமானம், இந்த ஷேரு அந்த லோனுக்கு அடமானம், தம்பி வாங்குன கடனுக்கு அண்ணன் ஜாமீன், அண்ணியோட பேர்ல ஒரு கம்பெனி, அதுல அண்ணி போர்டு மீட்டிங்குக்குப் போனதா ரெக்கார்டு இருக்கும், அண்ணிக்கு அந்தக் கம்பெனி இருக்கறதே தெரியாது. அந்தக் குடும்பத்துல ஒரு பையன் தப்பான எடத்துல காதலிச்சான்னா மொதல்ல ஆடிப்போறது அப்பா இல்ல, ஆடிட்டர்தான்!

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா பேங்க் வேலையால மட்டும் இல்ல. எங்க தாத்தா, அப்பாவோட அப்பா, ஒரு பெரிய பண்ணையில முப்பத்தோரு வருசம் கணக்குப்பிள்ளையா இருந்தவரு. பாமணி ஆத்தங்கரையில ஒரு ஊரு. எத்தன வேலின்னு கேட்டா தாத்தா நேரா சொல்ல மாட்டாரு, "எந்த வருசத்துக் கணக்கு?"ம்பாரு. ஒரு வேலின்னா இருவது மா, ஏக்கர்ல சொன்னா ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி. தாத்தா கையெழுத்து முத்து முத்தா இருக்கும், அரைக்கால், மாகாணின்னு பின்னத்த வாயாலயே பெருக்குவாரு, நாங்க கால்குலேட்டர் தட்டுறதுக்குள்ள சொல்லிட்டு வெத்தலைய மடிப்பாரு.

அந்தப் பெரிய வீட்டுக்கு நான் சின்ன புள்ளையில தாத்தாவோட போயிருக்கேன். அதுக்குள்ள பாதி பவுசு போயிருச்சு, ஆனா பழக்கம் போகல. பெரியம்மா, அதாவது அந்த வீட்டு மூத்தவங்க, பத்தாயத்துச் சாவிய இடுப்புல சொருகியிருப்பாங்க, நெல்லு எடுக்கணும்னா அவங்க எந்திரிச்சு வரணும். தேங்காய எண்ணிப் போடுவாங்க, மட்டைய எண்ணுவாங்க, தீக்குச்சிய எண்ணுவாங்கன்னு அப்பாயி சொல்லும், அது பொய்யின்னு நெனச்சேன், ஒரு நாளு கண்ணால பாத்தேன், தீப்பெட்டியத் தொறந்து எண்ணிட்டுத்தான் சமையக்காரம்மாகிட்ட குடுத்தாங்க. வந்தவங்களுக்குக் காபி நொர பொங்க வரும், வீட்டு ஆளுங்களுக்கு ரெண்டாம் டிகாஷன். வெளிய வில்வண்டி, அப்புறம் காரு, உள்ள கிழிஞ்ச பனியனத் தச்சுப் போட்டுக்கற பெரியவரு. இந்த நாவலோட ஹீரோ கோவம் வந்தா ஒரு லட்ச ரூபா வாட்ச செவுத்துல அடிக்கறான், அஞ்சு தடவ அடிக்கறான், அஞ்சு வாட்ச். எங்க பெரியவரு அந்தச் சீனப் படிச்சிருந்தா நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பாரு.

அந்த வீட்டுல ஒரு சின்னம்மா இருந்தாங்க. பெரியவரோட கடைசிப் பொண்ணு. இவங்களப் பத்தி சொல்லணும்னுதான் இவ்வளவு நேரம் சுத்திட்டு இருக்கேன்.

நில உச்சவரம்பு சட்டம் 1961ல வந்தப்ப ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர்னு வச்சாங்க, 1970ல அத 15ஆ கொறச்சாங்க. ஸ்டாண்டர்டு ஏக்கர்ங்கறது அளந்து பாக்குற ஏக்கர் இல்ல, தீர்வைய வச்சுப் போடுற கணக்கு. அதுல ஒரு விதி, சட்டம் குறிச்ச தேதியில அந்த வீட்டுப் பொம்பள பேர்ல தனியா இருந்த சீதன நெலத்துக்கு 10 ஸ்டாண்டர்டு ஏக்கர் வரைக்கும் குடும்பக் கணக்குக்கு மேல வச்சுக்கலாம். சின்னம்மா பேர்ல அவங்க பாட்டி எழுதி வச்ச நெலம் இருந்துச்சு. அப்ப அவங்க சின்னப் புள்ள, ஒம்பது வயசு இருக்கும், ஆனா பேர்ல நெலம். 1970ல அவங்களுக்குப் பதினெட்டோ பத்தொம்பதோ. சட்டம் பாதியா நறுக்குன வருசம், ஒவ்வொரு பெரிய வீட்டுலயும் ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் அரிக்கேன் வச்சுக்கிட்டுப் பேர மாத்தி மாத்தி எழுதிப் பாத்த வருசம், மாடு பேர்ல நாய் பேர்ல கூட எழுதுனாங்கன்னு ஊரு கேலி பேசும். அப்படிப்பட்ட வருசத்துல ஒரு பத்தொம்பது வயசுப் பொண்ணு யாரக் கட்டிக்கறாங்கறது மனசு விசயமா? அந்த நெலம் எந்த வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் போவுதுங்கற விசயம். தாய்மாமனுக்கே கட்டி வச்சாங்க, மாமன் நெலமும் அதே வாய்க்கா பாசனம், வரப்பு ஒட்டுன நெலம். வயசு வித்தியாசம் பதினாலு.

நாவல்ல 97வது அத்தியாயம், ஹீரோயின் எல்லாரு முன்னாடியும் "உங்க சொத்து ஒரு பைசா எனக்கு வேண்டாம்"னு சொல்லிட்டுக் கட்டுன பொடவையோட எறங்குறா. கைதட்டுற எடம்தான். ஆனா வாயால சொன்னா போதுமா? எங்க பக்கம் கல்யாணத்துக்கு மொதல்ல பாக்குற எடம் மண்டபம் இல்லீங்க, சார்பதிவாளர் ஆபீசு. பொண்ணுகிட்ட, சொத்துல பங்கு வேணாம்னு எழுதிக் குடுக்கற விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கிட்டுத்தான் முகூர்த்தக்கால் நடுவாங்க. 1989ல தமிழ்நாட்டுல பொண்ணுங்களுக்கும் பூர்வீகச் சொத்துல பங்குன்னு சட்டம் வந்துச்சு, அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்குக் கெடையாதுன்னு அதுலயே ஒரு வரி. 2005ல மத்திய சட்டம் வர்ற வரைக்கும் அந்த வரி அப்படியே நின்னுச்சு. இந்த மாதிரி ஒரு வரி ஒரு கதைக்குள்ள வந்தா எத்தன பேரு கழுத்தப் புடிக்கும்னு யோசிங்க. கல்யாணத்த ரெண்டு மாசம் முன்னாடி வைக்கலாமா பின்னாடி வைக்கலாமா, அண்ணன் ஏன் திடீர்னு நல்ல மாப்ளையா பாத்துட்டு வர்றான். பத்தாயிரம் கோடி வீட்டுல ஒரு வக்கீல் கூட ஒரு அத்தியாயத்துலயும் வரல.

இன்னொண்ணு. நாவல்ல பண்ணை ஆளுங்க வர்றாங்க, எல்லாரும் தோள்ல துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு "சின்னய்யா நல்லாயிருக்கணும்"னு கண்ணு கலங்குறாங்க, அதோட அவங்க வேலை முடிஞ்சுது. அவங்களுக்கு என்ன கூலி, களத்துல எத்தன மரக்கால் அளந்தாங்க, ஒண்ணும் கெடையாது. தஞ்சாவூர் ஜில்லாவுக்குனே 1952ல பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் போட வேண்டியிருந்துச்சு, அந்த அளவுக்கு இருந்துச்சு நெலம. கூலி கூடக் கேட்ட தகராறுல 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில 44 பேர ஒரு குடிசைக்குள்ள வச்சுக் கொளுத்துனாங்க. தாத்தா அத வாயால சொன்னதே இல்ல. அப்பாயிதான் சொல்லும், அந்த வாரத்துலேந்து பெரிய வீட்டு வெளிக்கேட்ட ஆறு மணிக்கே சாத்துனாங்க, தாத்தா கொல்லைப்பக்கமா வீட்டுக்கு வந்தாருன்னு. காதல் நாவல்ல இதையெல்லாம் எழுதணுமான்னு கேப்பீங்க. வேணாம், எழுத வேணாம். ஆனா தஞ்சாவூர்ப் பக்கத்துப் பரம்பரைச் சொத்துன்னு சொல்லிட்டு அந்தக் கேட்ட எதுக்குச் சாத்துனாங்கன்னு தெரியாம எழுதுனா அந்த வீடு அட்டைப்பெட்டியாத்தான் நிக்கும், தள்ளுனா விழும்.

சரி, நல்லது ஒண்ணு இருக்கு, அதச் சொல்லாம விட்டா பாவம். 43வது அத்தியாயத்துல அரைப் பக்கம். ஹீரோவோட அம்மா, இருவத்தி நாலு பேரு உக்கார்ற மேசையில தனியா சாப்பிடுற அம்மா, சமையக்காரம்மா பொண்ணு கல்யாணத்துக்கு மொய் வைக்கணும்னு மேனேஜர்கிட்ட ரெண்டாயிரம் ரூபா கேக்கறாங்க. அவரு ரொம்ப மரியாதையா "சார்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் மேடம்"னு சொல்றாரு. அந்த அம்மா "பரவால்ல, அவசரமில்ல"ன்னு சொல்லிட்டு மோர ஊத்திக்கறாங்க. அவ்வளவுதான். அடுத்த வரியிலயே ஹீரோ கார்ல சீறிப் பாஞ்சு வந்துர்றான். நீடாமங்கலம் கேட்டுல நான் நிறுத்துன எடம் இது இல்ல, அது 61, ஆனா இந்த அரைப் பக்கத்துக்குத்தான் நான் 61 வரைக்கும் வந்தேன். திரும்ப அந்த அம்மா வருவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வந்தாங்க, கடைசியில, பேரப்புள்ளைக்கு ஆரத்தி எடுக்க. எழுதுனவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கு பாருங்க, எங்கயோ பாத்திருக்காங்க, கேட்டிருக்காங்க, இல்ல பட்டிருக்காங்க. தெரிஞ்சும் தாண்டிப் போயிட்டாங்கங்கறதுதான் எனக்கு ஆறல.

ராத்திரி அண்ணன் மககிட்ட இதையெல்லாம் கொட்டுனேன். கேட்டுட்டு சிரிக்கறா.

"த்தை, கணக்குப் பாக்கவா நாவல் படிக்கறாங்க? நாங்க நாளு பூரா கணக்குலதான் இருக்கோம். மெஸ் பில்லு, செமஸ்டர் பீசு, அப்பா போன் பண்ணா நெல்லு வெல. அதுல கூட கணக்கு வேணுமா?"

"அவனுக்கு எங்கேந்து காசு வருதுன்னு ஒரு வரி கூடவாடி வேணாம்?"

"வேணாம். காசு எங்கேந்து வருதுன்னே யோசிக்காத ஒரு வாழ்க்கை எப்படி இருக்கும்னு பாக்கத்தான் நான் அதுக்குள்ள போறேன். நீங்க அங்கயும் வந்து சிட்டா அடங்கல் கேக்கறீங்க."

எனக்குச் சட்டுனு பதில் வரல. அவ சொல்றதுலயும் நாயம் இருக்கு, அந்த 25 பைசா நாவலுக்குள்ள நான் போனதும் அதுக்குத்தான். அவ அப்பா, எங்கண்ணன், போன மாசம் கொள்முதல் நெலையத்துல நெல்லக் கொட்டிட்டு ஈரப்பதம் கூடுதல்னு நாலு நாளு வெயில்ல காய வச்சுக்கிட்டுக் கெடந்தாரு, 40 கிலோ சிப்பமா எடை போட்டு முடியற வரைக்கும் ராத்திரி அங்கயே படுக்கை. அந்த வீட்டுப் பொண்ணு வாட்ச செவுத்துல அடிக்கறவனப் படிக்கட்டும், எனக்கென்ன. ஆனாலும் மனசு கேக்கல. அடுத்த சனிக்கெழம ஊருக்கு வந்தப்ப பரண்லேந்து தாத்தாவோட தகரப்பொட்டிய எறக்கி அவகிட்ட ஒரு நோட்டக் குடுத்தேன்.

நாள்வழின்னு சொல்வாங்க. பண்ணையில அன்னன்னிக்கு நடக்கற வரவு செலவு எல்லாம் இதுல ஏறும், அப்புறம்தான் பேரேட்டுக்குப் போவும். 1970 சித்திரையில ஆரம்பிக்கற வருச நோட்டு. வெத எத்தன கலம், அண்டை வெட்டு ஆளு எத்தன பேரு, நடவு எத்தன, லாந்தருக்கு மண்ணெண்ண, கோயிலுக்குத் திரி. பத்து வேலிக்குக் கொறையாத அந்த வீட்டுல, சொந்தமா நெலம் இருந்த அந்த சின்னம்மா கையில ஒரு பைசா இருந்ததில்ல, எது வேணும்னாலும் கணக்குப்பிள்ளைகிட்டத்தான் கேக்கணும், அவரு வாங்கிக் குடுத்துட்டு எழுதிருவாரு. அதனால அவங்க வாங்குனது எல்லாம் இருக்கு. "சின்னம்மா வகையில் ரிப்பன் 1." "சின்னம்மா வகையில் மை புட்டி 1." ஆடியிலேந்து ஒரு வரி வர ஆரம்பிக்கும், "சின்னம்மா வகையில் இன்லண்டு 2." இன்லண்டுன்னா மடிச்சு ஒட்டித் தபால்ல போடுற லெட்டரு. அடுத்த வாரம் இன்லண்டு 3. ஐப்பசியில ஒரே வாரத்துல 6. அடை மழை, வாய்க்கா ஒடைஞ்சு ஆளு வச்சு அடைச்ச கூலிக்கும், சாக்கு வாங்குன செலவுக்கும் நடுவுல, அதே முத்து முத்தான எழுத்துல, இன்லண்டு 6. கார்த்திகை எட்டாந்தேதிக்கப்புறம் இல்ல. மார்கழி முழுக்கத் தேடிட்டேன், ரிப்பன் இருக்கு, சாந்து இருக்கு, இன்லண்டு இல்ல. தை மாசம் பத்தாந்தேதி, "சின்னம்மா கலியாண வகையில்"னு ஒரு பக்கம் புதுசா ஆரம்பிக்குது, மொத வரி வாழைமரம்.

அவ அந்த நோட்ட மடியில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. நான் அடுப்படியில தோசை ஊத்திட்டிருந்தேன். ரெண்டு தோசை ஆறிப்போச்சு.

"த்தை, இது யாருக்கு எழுதுனது?"

"தாத்தாகிட்ட நானும் கேட்டேன், ப்ளஸ் டூ படிக்கறப்ப. எழுதுனது எவ்வளவோ அதான் எனக்குத் தெரியும்னாரு."

"தபால் பொட்டியில போட்டது யாரு? அவங்களே போயிருக்க முடியாதே."

அத நான் யோசிச்சதே இல்ல. முப்பது வருசமா அந்த நோட்டு எங்க வீட்டுல இருக்கு, எத்தன தடவ பொரட்டியிருக்கேன், வாங்குனது யாருன்னு பாத்தேன், கொண்டு போயிப் போட்டது யாருன்னு பாக்கல. வீட்டுலேந்து தபாலாபீசு ரெண்டு மைலு. அந்தப் பக்கமா தெனம் சைக்கிள்ல போயி வந்த ஒரே ஆளு தாத்தா.

அவ பொட்டிக்குள்ள கைய விட்டுத் தொழாவுனா. "1971 நோட்டு எங்கத்தை?"

"கஜா புயல்ல ஓடு பறந்துச்சுல்ல, அந்த ராத்திரி பொட்டிக்குள்ள தண்ணி எறங்கிருச்சு. பதினோரு நோட்டுல மூணுதான் தேறுச்சு."